நான் சுமந்த என் அண்ணன் மகள்

போன வருடம் ஆடி மாதம், நான் வயிறு இறங்கி, கையில் பிள்ளை இல்லாமல் வீடு திரும்பினேன். திண்டிவனத்தில் எங்கள் தெரு அங்காளம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் வருகிற உங்களில் பலர் அதைப் பார்த்தீர்கள். பெரும்பாலும் கேட்கத் தயங்கினீர்கள். ஒரு அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கலியாம்மா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குதுக்கா. எங்க அண்ணன் வீட்ல இருக்குது" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல அன்று எனக்குத் தெம்பும் இல்லை. அம்மனுக்குச் செலுத்த வேண்டிய நன்றியைச் செலுத்த இப்போதாவது உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் ஜெயந்தி. வயது முப்பத்தைந்து. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். கணவர் சேகர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஒரே மகன் கவின், இரண்டாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். நான் பிறந்தது திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம். அப்பா, அம்மா இருவரும் காலமாகிவிட்டார்கள். பிறந்த வீடு என்றால் எனக்கு ஏழுமலை அண்ணனும் மலர் அண்ணியும்தான். நெல்லும் கரும்பும் பயிர் வைக்கிறார்கள்.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கொசுவம் சரியாக நிற்கவில்லை என்று மூன்று தடவை அவிழ்த்துப் புடவை கட்டிவிட்டார். கவின் பிறந்தபோது மூன்று மாதம் பத்தியம் சமைத்துப் போட்டதும் அண்ணிதான். அப்போது அவருக்குப் பிள்ளை இல்லை. என் பிள்ளையைக் குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு என் மடியில் வைத்துவிட்டு உடனே அடுப்படிக்குப் போய்விடுவார். ஒரு நிமிடம்கூட அதிகம் வைத்துக்கொள்ள மாட்டார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து அண்ணி உண்டானார். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு புரட்டாசியில் பிரசவம். பிள்ளை தங்கவில்லை. ரத்தப்போக்கு நிற்கவில்லை. அண்ணியைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தரையிலேயே உட்கார்ந்தான். நான்தான் பக்கத்தில் இருந்தேன். 

அதன் பிறகு அண்ணி வீட்டில் விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டார். உறவுக்காரர்கள் அண்ணனுக்கு இரண்டாவது பெண் பார்க்கலாம் என்று பேச ஆரம்பித்தார்கள். அண்ணியே அதற்குச் சம்மதித்து, ஒரு பெண்ணின் ஜாதகத்தை வாங்கி அண்ணன் முன்னால் வைத்தார். அண்ணன் அதைக் கிழித்து அடுப்பில் போட்டான். அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சே குறைந்துபோனது. நான் போன் செய்தால், "சாப்டியா? கவினு நல்லா இருக்கானா?" அவ்வளவுதான். வைத்துவிடுவார்.

ஒரு தை மாதம், மத்தியானம், அண்ணி இ-சேவை மையத்துக்கு வந்தார். சென்னையில் ஒரு டாக்டரைப் பார்த்தார்களாம். அண்ணியிடமிருந்து கருமுட்டை எடுக்க முடியும், அண்ணன் விந்தோடு சேர்த்துக் கரு உண்டாக்க முடியும், சுமக்க மட்டும் வேறு ஒரு பெண் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணியின் சொந்தத் தங்கையைக் கேட்டார்கள். அவள் புகுந்த வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை.

"சட்டம் இன்னா சொல்லுதுன்னு பாத்து சொல்லும்மா. யாரு சுமக்கலாம், யாரு கூடாதுன்னு" என்றார்.

நான் கம்ப்யூட்டரில் தேடி வாய்விட்டுப் படித்தேன். கல்யாணமான பெண்ணாக இருக்க வேண்டும். சொந்தமாக ஒரு பிள்ளையாவது இருக்க வேண்டும். வயது இருபத்தைந்துக்கு மேல், முப்பத்தைந்துக்குள். பணத்துக்காகச் செய்யக் கூடாது. வாழ்நாளில் ஒரு தடவைதான். படிக்கப் படிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது. நான் என்னைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கும் அது தெரிந்துவிட்டது. நான் படித்து முடிப்பதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சரி வர்றேன். விழுப்புரம் பஸ்ஸு போய்டும்" என்று கிளம்பிவிட்டார்.

நான் ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, நான் சுமக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? போயி வேலைய பாரு."

"நெசமாதான் சொல்றேன் அண்ணி."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் நகர்ந்தது. இதைப் பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் முகத்தை அப்படியே பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, அதனால்தான் சொன்னேன்.

கணவரிடம் சொன்னேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. கடைக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் பழுது பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "செய். ஆனா பொறந்ததும் குடுத்துட்டு வந்துடணும். அது மேல ஆசை வெச்சிக்கினு இங்க வந்து அழுதுக்கினு இருக்கக் கூடாது. அத என்னால பாக்க முடியாது."

"சரிங்க" என்றேன்.

மாமியார் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"அண்ணன் புள்ளைய தங்கச்சி வயித்துல வாங்கறதா? வெளிய தெரிஞ்சா ஊரே காறித் துப்பும்" என்றார்.

நான் பொறுமையாக விளக்கினேன். "அத்தை, கரு அவங்க ரெண்டு பேரோடதுங்க. டாக்டருங்க வெளியவே சேர்த்து வளத்து, என் வயித்துல வெப்பாங்க. என்னோடது அதுல எதுவும் இல்ல. நான் எடம் மட்டும்தான் குடுக்கறேன்."

"எடம் மட்டுமா? அப்ப ஒம்போது மாசம் அதுக்குள்ள ஓடுற ரத்தம் யாரு ரத்தம்?"

எனக்கு டாக்டர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லத் தெரிந்தது. அவர் அன்றைக்கு என் கையால் சாப்பிடவில்லை.

அடுத்த ஏழெட்டு மாதம் காகிதம். மருத்துவக் குழுவின் சான்றிதழ், என் மனநிலைக்கு ஒரு சான்றிதழ், காப்பீடு, நீதிமன்ற உத்தரவு. பிறக்கும் பிள்ளைக்கு அண்ணனும் அண்ணியும்தான் பெற்றோர் என்பதற்கு முன்கூட்டியே உத்தரவு வாங்க வேண்டும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் எத்தனை தடவை பஸ் ஏறி இறங்கினேன் என்று கணக்கில்லை. ஓர் அலுவலகத்தில் ஒருவர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"விண்ணப்பத்துல இருக்கற கணவருக்கு நீங்க இன்னா உறவும்மா?"

"தங்கச்சி சார்."

"கூடப் பொறந்த தங்கச்சியா?"

"ஆமா சார்."

அவர் முத்திரை குத்தினார். ஆனால் பக்கத்து மேஜைக்காரரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். வெளியே வந்து, டீக்கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் குடிக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் தங்கை என்று சாதாரணமாகப் பேசிச் சிரிப்பது எங்களுக்கு அன்றோடு கொஞ்ச காலம் நின்றுபோனது.

முதல் தடவை கரு வைத்தது ஒட்டவில்லை. இரண்டாவது தடவை மார்கழியில் வைத்தார்கள். ஒட்டியது.

தினமும் இடுப்பில் ஊசி. இரண்டு பக்கமும் கட்டி கட்டியாகிப் படுக்க முடியாது. கவினைச் சுமந்தபோது இல்லாத வாந்தி. மூன்றாம் மாதம் அண்ணி துணைக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்கு உதவியாகத்தான் வந்தார். ஆனால் அதுதான் எனக்குப் பெரிய பேஜாராகப் போனது.

என்ன சாப்பிட்டேன் என்று பார்ப்பார். எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்று பார்ப்பார். நான் குனிந்தால் ஓடி வருவார். வேலைக்குப் போகக் கூடாது என்பார். அவித்த மல்லாட்டைக் கடலையைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, நான் கடைசிக் கொட்டை தின்னும் வரை எதிரிலேயே நிற்பார். அவர் பார்த்தது என் வயிற்றைத்தான். என் முகத்தைப் பார்த்து அவர் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "அண்ணி, என்னைய இன்னா சென மாடுன்னு நெனச்சிங்களா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "உனக்கென்னம்மா. உனக்குன்னு ஒண்ணு இருக்குது. இது போச்சின்னா எனக்கு எதுவுமே இல்ல" என்றார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து அழுதோம். மாமியார்தான் நடுவில் வந்து, "சோறு ஆறுது, வாங்க ரெண்டு பேரும்" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். 

அந்த வாரம்தான் நான் அம்மனிடம் வேண்ட ஆரம்பித்தேன். நீங்களெல்லாம் பிள்ளை வரம் கேட்பீர்கள், சுகப்பிரசவம் கேட்பீர்கள். நான் கேட்டது இது: "தாயே, இந்தப் பிள்ளை மேல் எனக்கு ஆசை வரக் கூடாது. கொடுத்துவிட்டு, இலேசாக வீட்டுக்கு வந்துவிட வேண்டும்." வாராவாரம் அதையே கேட்டேன். வயிற்றில் கை வைப்பதைத் தவிர்த்தேன். உள்ளே அசைந்தால் எழுந்து போய் ஏதாவது வேலை செய்வேன். கவினிடம் பேசியதுபோல் அதனிடம் பேசவே இல்லை. அதிலும் ஒரு குற்ற உணர்ச்சி. களைப்பு உடம்பில் பாதி, மனசில் பாதி.

வைகாசிக் கடைசியில் வளைகாப்பு வைப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. வைத்தால், தாய்வீட்டுச் சீர் யார் கொண்டுவருவது? என் தாய்வீடு அண்ணன். பிள்ளைக்கு அப்பாவும் அண்ணன். ஊரில் ஒரு பெரியம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப இந்தப் புள்ளைக்கு அப்பனே தாய்மாமனா?" எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் எழுந்து வயலுக்குப் போய்விட்டான். வளைகாப்பு வைக்கவில்லை.

ஆனிக் கடைசியில், எட்டாம் மாதத்தில், வேலையில் இருந்தபோது பனிக்குடம் உடைந்தது. காலை பதினொரு மணி இருக்கும். யாருக்கோ வருமானச் சான்றிதழ் பதிந்துகொண்டிருந்தேன். கணவர் வந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார். குறைமாதம் என்பதால் விழுப்புரம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணி என் தலைமாட்டில் உட்கார்ந்து வழி முழுக்க, "ஜல்தி போங்க, ஜல்தி போங்க" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலமே பிறந்தது. பெண். ஒன்றே கால் கிலோ. அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி ஒரு தடவை கேட்டது. துணியில் சுற்றி ஓடினார்கள். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது நல்லது என்று நினைத்தேன்.

ஆனால் குழந்தையின் கையில் கட்டிய அட்டையில் "ஜெயந்தி பேபி" என்று எழுதியிருந்தது. பிள்ளைகளை வைத்திருந்த தீவிரப் பிரிவுக்குள் தாயை மட்டும்தான் விடுவார்கள். அண்ணி வாசலில் நின்று, "நான்தான் அம்மா" என்றார். அட்டையில் என் பேர். உத்தரவுக் காகிதமெல்லாம் ஊரில் பீரோவில் இருந்தது. அண்ணன் எடுத்துவரப் போனான். அதுவரை அண்ணி கதவுக் கண்ணாடி வழியாக, பதினைந்து பெட்டிகளில் எது தன் பிள்ளை என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காகிதம் வந்ததும் அண்ணியை உள்ளே விட்டார்கள். மூன்றாம் நாள் பிள்ளைக்குப் பவுடர் பால் சேரவில்லை. குழாய் வழியாகக் கொடுத்த பாலில் வயிறு ஊதிவிட்டது. டாக்டரம்மா வந்து, "அம்மா பால்தான் இதுக்கு மருந்து. எவ்ளோ வருதோ அவ்ளோ குடுங்க" என்று என்னிடம் சொன்னார்.

எனக்குப் பால் கட்டியிருந்தது. பிரசவம் ஆனதும் பால் வற்ற மாத்திரை போட்டுக்கொள்வது என்று சென்னையிலேயே பேசி வைத்திருந்தோம். அவசரத்தில் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. அன்று காலையில்தான் கணவர் அந்த மாத்திரையை வாங்கி வந்திருந்தார். தலையணைக்குக் கீழே இருந்தது.

கணவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "பேசினது இன்னா, இப்ப நடக்கறது இன்னா? பால் குடுத்துட்டு நீ அத வுட்டுட்டு வருவியா?" என்றார். கோபம் மாதிரி இருந்தது. பயம் என்று எனக்குத் தெரியும்.

அண்ணி கட்டில் ஓரத்தில் நின்றார். "குடு" என்று அவர் சொல்லவில்லை. "வேணாம்" என்றும் சொல்லவில்லை.  அவர் என்ன நினைத்தார் என்று பிறகு அவரே சொன்னார். பால் கொடுத்தால் பிள்ளை என்னுடையதாகிவிடும், கொடுக்காவிட்டால் பிள்ளையே இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவருக்கு வார்த்தை வரவில்லை.

பிரசவத் தீட்டு உடம்பு. தலைக்குத் தண்ணீர் ஊற்றி மூன்று நாள் ஆகியிருந்தது. கோயில் பக்கம் நினைக்கக்கூடக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ரத்தம் போய்க்கொண்டிருந்த அந்த உடம்போடு, அந்தக் கட்டிலிலேயே கண்ணை மூடினேன்.

"தாயே, ஆசை வரக் கூடாது என்று இத்தனை மாதமாகக் கேட்டேன். அதை விட்டுவிடு. இந்தப் பிள்ளை பிழைக்கட்டும். ஆசை வந்தால் வரட்டும், நான் பட்டுக்கொள்கிறேன். திருப்பிக் கொடுக்கிற தெம்பை மட்டும் எனக்குக் கொடு."

மாத்திரையை எடுத்து அண்ணி கையில் கொடுத்தேன். "தூக்கிப் போடுங்க அண்ணி. ஒரு கிண்ணம் வாங்கி வாங்க" என்றேன்.

முதல் தடவை ஒரு ஸ்பூன்கூட வரவில்லை. அண்ணி அந்தச் சொட்டைக் கீழே சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. வலி. தூக்கமில்லை. நான் பீச்சுவேன், அண்ணி கொண்டுபோவார். ஐந்தாம் நாள் பிள்ளையின் வயிறு வற்றியது. ஏழாம் நாள் பாலை முழுதாக ஏற்றுக்கொண்டது.

அந்தப் பிரிவில் ஒரு சிஸ்டர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பிள்ளையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்துச் சூடு கொடுக்க வேண்டும் என்று சொல்லி, யார் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இன்னாம்மா யோசன? அதுக்குப் பாலு வேணும், சூடு வேணும். பாலு குடுக்கறவங்க குடுங்க. சூடு குடுக்கறவங்க ஜாக்கெட்ட கழட்டிட்டு உக்காருங்க. அதுக்கு உங்க கோர்ட்டு காயிதம்லாம் தெரியாது" என்றார்.

அண்ணி உட்கார்ந்தார். சிஸ்டர் பிள்ளையை எடுத்து அண்ணியின் வெறும் நெஞ்சில் வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டினார். நான் அப்போதுதான் முதல் தடவை அதன் முகத்தைப் பார்த்தேன். அண்ணியின் நெற்றி. அண்ணனின் காது. என் சாயல் தேடினேன். இல்லை. அப்படியும் ஆசை வந்துவிட்டது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? ஒரு நொடியில் வந்துவிட்டது.

அதே வாரம் ஆடி முதல் வெள்ளி. நம் கோயிலில் கூழ் ஊற்றும் நாள். என் மாமியார் முப்பது வருடமாக அந்தக் கூழுக்குக் கேப்பை மாவு கரைத்து வருகிறார், அது உங்களுக்கே தெரியும். போன வருடம் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

நடந்ததைக் கணவர் போனில் சொன்னார். பூசாரியிடம் மாமியார் போய்க் கேட்டிருக்கிறார், இந்தப் பிள்ளைக்கு யார் வீட்டில் தீட்டு என்று. தகப்பன் வழிப் பங்காளிகளுக்குத்தான், உங்கள் வீட்டுக்கு மருமகளைத் தவிர யாருக்கும் இல்லை, தாராளமாக வந்து கூழ் கரைக்கலாம் என்று பூசாரி சொல்லியிருக்கிறார். மாமியார் வீட்டுக்கு வந்து யோசித்திருக்கிறார். பிறகு மகனிடம், "அவரு சொல்றது மொற. ஆனா அது இருந்தது நம்ம வூட்டு வயித்துல. பதினாறு நாளு நானும் தீட்டு புடிக்கறேன்" என்று சொல்லி, கோயில் பக்கமே போகாமல் வீட்டில் இருந்துவிட்டாராம்.

என் கையால் சாப்பிட மறுத்தவர். அண்ணன் பிள்ளை என்று காதைப் பொத்திக்கொண்டவர். போனைக் காதில் வைத்துக்கொண்டு வார்டு என்றும் பாராமல் அழுதேன். பக்கத்துக் கட்டில் பெண் என் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள்.

இருபத்தாறாம் நாள் பிள்ளை ஒன்றே முக்கால் கிலோ. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மருத்துவமனை வாசலில் இரண்டு வண்டி நின்றது. ஒன்று திருவெண்ணெய்நல்லூருக்கு, ஒன்று திண்டிவனத்துக்கு. கடைசியாக ஒரு தடவை நானே நேரடியாகப் பால் கொடுத்தேன். வாய் சின்னது, ஆனால் அன்று பிடித்துக் குடித்தது. குடித்து முடித்ததும் தோளில் போட்டுத் தட்டினேன். அண்ணியிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

அவ்வளவுதான் நடந்தது. கூடவே மேளம் கொட்டவில்லை, மின்னல் வெட்டவில்லை. வழியில் எங்கோ ஒரு குழந்தை அழுத சத்தம் கேட்டு என் ஜாக்கெட் நனைந்துபோனது. கணவர் பார்த்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் மேல் போர்த்தினார். "அழு. ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். கவினும் மாமியாரும் வாசலில் நின்றார்கள். மாமியார் எனக்கு வெந்நீர் வைத்திருந்தார்.

பால் வற்ற ஒரு மாதமானது. மனசு ஆறுவதற்கு அதைவிட அதிகம். அப்போது வெள்ளிக்கிழமை வந்து அம்மன் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வேண்டுதலே வராது. சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவேன்.

பதினோராம் மாதம் ஊரில் மொட்டை அடித்துக் காது குத்தினார்கள். அண்ணியின் தம்பி தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டான். பெயர் சொல்ல அத்தையான என்னைக் கூப்பிட்டார்கள். ஜோசியர் "ரி" எழுத்தில் வைக்கச் சொன்னாராம். ரித்திகா என்று மூன்று தடவை அவள் காதில் சொன்னேன். அப்போது அதே பெரியம்மா கவினைப் பிடித்து முன்னால் தள்ளி, "வாடா மாப்ள, உன் மொறப்பொண்ண பாரு" என்று சிரித்தார். அத்தை மகன், மாமன் மகள். நம் வழக்கத்தில் யாரும் சொல்கிற கேலிதான்.

 நான் வாய் திறப்பதற்குள் அண்ணி அந்தப் பெரியம்மா பக்கம் திரும்பினார். பன்னிரண்டு வருடமும் அதற்கு மேலும் எந்தப் பேச்சுக்கும் பதில் பேசாத அண்ணி.

"அத்தை, அந்தப் பேச்சு வேணாங்க. இவ இருந்த வயித்துலதான் அவனும் இருந்தான். அவன் குடிச்ச பாலத்தான் இவளும் குடிச்சா. அவன் இவளுக்கு அண்ணன்."

"அப்ப ஜெயந்தி இவளுக்கு இன்னா வேணும்? அத்தையா, அம்மாவா?" என்று அந்தப் பெரியம்மா விடாமல் கேட்டார்.

"கூப்புடறது அத்தன்னுதான் கூப்புடுவா" என்றார் அண்ணி. "மீதிய அவ வளந்ததும் நானே ஒக்காத்தி வெச்சி சொல்லுவேன். மறைக்க மாட்டேன்."

 அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றான். "சாப்ட்டியா ஜெயந்தி?" என்று கேட்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

அண்ணி இப்போது வீட்டில் விளக்கேற்றுகிறார். மாமியார் இந்த ஆடியில் மறுபடி கூழ் கரைத்தார். ரித்திகா எட்டு வைத்து நடக்கிறாள். என் பக்கம் கை நீட்டினால் தூக்கிக்கொள்கிறேன், அம்மாவைத் தேடினால் கொடுத்துவிடுகிறேன். கொடுக்கும்போது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. வலியோடு கொடுக்க முடிகிறது. நான் கடைசியில் கேட்டது அதைத்தான். அம்மன் அதைத்தான் கொடுத்தாள்.

பிள்ளை வரம் கேட்டு இங்கே மஞ்சள் கயிறு கட்டுகிற தங்கைகளே, டாக்டரிடம் போக வேண்டியிருந்தால் வெட்கப்படாமல் போங்கள். எந்த வழியாக வந்த பிள்ளையும் அம்மன் அனுப்பிய பிள்ளைதான். என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று ஊர் குழம்பினால் குழம்பட்டும், வீட்டில் இருப்பவர்கள் உட்கார்ந்து பேசினால் ஒரு முறை பிறக்கும். குளித்து, மடியாக, மனசைத் தெளிவாக வைத்துக்கொண்டுதான் அவளிடம் கேட்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் தீட்டோடு கேட்டேன். தூக்கம் இல்லாமல், எரிச்சலோடு, கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை.

வேண்ட வார்த்தை வராவிட்டாலும் வெள்ளிக்கிழமை வந்து உட்காருங்கள். களைத்துப் போனவர்களுக்கும் அவள் சந்நிதியில் இடம் இருக்கிறது.